திருவனந்தபுரம் – நியூயார்க்: 10 மணி நேரமா, 16 மணி நேரமா, 28 மணி நேரமா?

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மகளின் பிரசவத்துக்காக அவரும் வீட்டுக்காரரும் செப்டம்பரில் நியூயார்க் போகிறார்கள், டிசம்பரில் திரும்புகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானம். மருமகன் அனுப்பிய டிக்கெட்டில், ஞாயிறு காலை 4.30க்குத் திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் மாறி, அதே ஞாயிறு மதியம் 2.30க்கு நியூயார்க்கில் இறங்குவதாக இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் 10 மணி நேரம். திரும்பும்போது ஞாயிறு இரவு 11 மணிக்கு ஏறினால் செவ்வாய் அதிகாலை 3.15க்குத்தான் திருவனந்தபுரம். அது 28 மணி நேரத்துக்கும் மேல். இணையத்தில் தேடினால் தூரம் 13,780 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 16 மணி என்று வருகிறது. "மூன்றில் எது உண்மை? போகும்போது மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம்? பூமி சுற்றுவதால்தான் என்கிறார் வீட்டுக்காரர், சரியா?"

அக்கா, மூன்றுமே உங்கள் பயண நேரம் கிடையாது. போக 19½ மணி நேரம், வர 17¾ மணி நேரம். தூரம் மட்டும் சரி. மீதியைப் பைய சொல்கிறேன். மார்த்தாண்டத்தில் 26 வருஷம் டிக்கெட் கடை நடத்தினவன் நான். சிவப்புக் கார்பன் தாளில் டிக்கெட் எழுதிக் கொடுத்த காலம் அது. 2008 ஜூனோடு அந்தத் தாள் டிக்கெட் உலகம் முழுக்க நின்றுபோனது. தாள் போனாலும் இந்தக் கேள்வி போகவில்லை. வாரம் ஒருவராவது கேட்பார்கள்.

முதலில் கடிகாரம். டிக்கெட்டில் இருக்கும் நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். திருவனந்தபுரத்தில் ஏறும் 4.30 நம் நேரம், நியூயார்க்கில் இறங்கும் 2.30 அவர்கள் நேரம். இரண்டையும் நேரே கழிப்பது, ரூபாயிலிருந்து டாலரைக் கழிப்பது மாதிரி. செப்டம்பரில் நியூயார்க் நமக்கு 9½ மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே மதியம் 2.30 என்றால் இங்கே நள்ளிரவு 12. காலை 4.30லிருந்து நள்ளிரவு 12 வரை எண்ணுங்கள், 19½ மணி நேரம் வரும்.

எல்லாவற்றையும் நம் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். 4.30க்குக் கிளம்பி நம் நேரம் 8.30க்குத் துபாய். அங்கே அப்போது காலை 7 மணி. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஒன்றரை மணி நேரம் அங்கே இருப்பீர்கள். நம் நேரம் 10 மணிக்கு அடுத்த விமானம். அதில் 14 மணி நேரம். நம் நேரம் நள்ளிரவு 12க்கு இறங்குவீர்கள். வெளியே பார்த்தால் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். 4, 1½, 14. கூட்டினால் அதே 19½.

திரும்பும்போது ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நீங்கள் டிசம்பரில் கிளம்பும்போது வித்தியாசம் 10½ மணி நேரம் ஆகியிருக்கும். ஆக, அங்கே ஞாயிறு இரவு 11 மணி என்பது இங்கே திங்கள் காலை 9.30. அதிலிருந்து 12½ மணி நேரத்தில் துபாய், நம் நேரம் திங்கள் இரவு 10. ஒன்றரை மணி நேரம் இருப்பு. 11.30க்குக் கிளம்பி மூன்றே முக்கால் மணி நேரத்தில் திருவனந்தபுரம், செவ்வாய் அதிகாலை 3.15. மொத்தம் 17¾. பார்க்க இரண்டு நாள் மாதிரி இருந்தாலும் போன நேரத்தைவிடக் குறைவு. மகளிடம் போனில் பேசவும் இந்த மாற்றம் ஓர்மையில் இருக்கட்டும். நவம்பருக்குப் பிறகு நம் காலை 7 மணி அங்கே முந்தின நாள் இரவு 8.30.

இனி அண்ணன் சொல்வது. பூமி கிழக்கே சுற்றுகிறது, நாம் மேற்கே பறக்கிறோம், ஆகவே ஊர் நம்மை நோக்கி வருகிறது, சீக்கிரம் போய்ச் சேர்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பகுதியில் பூமியின் வேகம் மணிக்கு சுமார் 1,650 கிலோமீட்டர், அதாவது ஒரு நிமிடத்துக்கு 27½ கிலோமீட்டர். அண்ணன் சொல்வது சரியென்றால், களியக்காவிளை மீன் சந்தையில் ஒரு மத்தித் தலையைக் கொத்திக்கொண்டு எழும்புகிற காக்கா, ஒரு நிமிடம் சிறகடித்து நின்றால் கீழே அரபிக்கடல் இருக்க வேண்டும். அது பாட்டுக்கு அடுத்த தென்னை மரத்தில்தானே போய் உட்காருகிறது! காரணம், பூமியோடு காற்றும் சேர்ந்து சுற்றுகிறது. காக்காவும் அந்தக் காற்றுக்குள்ளேதான் இருக்கிறது. நாகர்கோவில் பாசஞ்சர் ரயிலுக்குள் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள். ரயில் ஓடிக்கொண்டிருந்தாலும் அது உங்கள் கையிலேயேதான் விழும், பின்சீட்டுக்காரர் தலையில் விழாது.

அண்ணன் கணக்குப்படி மேற்கே போவது வேகமாக இருக்க வேண்டும். நடப்பது நேர்எதிர். துபாயிலிருந்து நியூயார்க் 14 மணி நேரம், நியூயார்க்கிலிருந்து துபாய் 12½. மேற்கே போகத்தான் அதிக நேரம். இதற்குக் காரணம் காற்று.

உங்களுக்கு ஆரல்வாய்மொழி தெரியும். ஆனி ஆடியில் அந்தக் கணவாய்க்குள் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளும் நிற்கின்றன? சின்ன வயதில் நாகர்கோவிலிலிருந்து முப்பந்தல் வரை சைக்கிளில் போயிருக்கிறேன். போகும்போது பெடலைத் தொட வேண்டாம், காற்றே முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்பி மேற்கே வரும்போது தோவாளை இறக்கத்தில்கூட எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது. சைக்கிளும் அதேதான், ஆளும் அதேதான், தூரமும் மாறவில்லை. விமானத்துக்கு நடப்பதும் இதுதான். தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், உலகைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் சாதாரணம். குளிர்காலத்தில் 300ஐத் தாண்டுவதும் உண்டு. பெரிய விமானங்கள் பறப்பதும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். துபாய்க்கும் நியூயார்க்குக்கும் சுமார் 11,020 கிலோமீட்டர். தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவதற்கும் இறங்கி நிறுத்துமிடம் வருவதற்கும் ஒரு அரை மணியைக் கழித்துவிட்டால், போகும்போது 13½ மணி நேரப் பறப்பு, மணிக்கு 816 கிலோமீட்டர். வரும்போது 12 மணி நேரம், மணிக்கு 918. நடுவில் காற்று போட்ட தடையும் கொடுத்த உதவியும் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர். காற்றாறு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது இது ஏன் வெறும் 50? போகும்போது அதன் நடு ஓட்டத்தில் சிக்காமல் ஒதுங்கிப் போகும்படி ஒவ்வொரு நாளும் பாதையைப் புதிதாகப் போடுகிறார்கள். வரும்போது முடிந்த இடத்தில் அதற்குள்ளேயே நுழைந்து வருகிறார்கள். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக் மேல் ஒரு பெரும் புயல் அடித்த நாளில், நியூயார்க்கிலிருந்து லண்டன் போன ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் இறங்கிவிட்டது. வழக்கமாக அதற்கு ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். ஆகையால் டிசம்பரில் நீங்கள் அரை மணி நேரம் முன்னதாகவே துபாயில் இறங்கினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

பூமி சுற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு. அந்தக் காற்று வடக்கே தெற்கே ஓடாமல் கிழக்கே திரும்பி ஓடுவதற்குக் காரணமே பூமியின் சுழற்சிதான். அண்ணனுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

அடுத்தது தூரம். எனக்குப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் திருவனந்தபுரத்துக்கும் நியூயார்க்குக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது ஏமன், சஹாரா பாலைவனம், கனரித் தீவுப் பக்கம், அட்லாண்டிக் என்று போகும். அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் தூரம் சுமார் 15,380 கிலோமீட்டர். இணையம் சொல்லும் 13,780ஐவிட 1,600 கிலோமீட்டர் கூடுதல். நேர்க்கோடு எப்படி நீளமான வழியாகும்?

வீட்டில் பேரப்பிள்ளை விளையாடும் பந்து ஒன்றை எடுங்கள். நடுவில் பூமத்தியரேகை என்று ஒரு வட்டம் வரையுங்கள். அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி, அது நாம். பந்தின் மறுபக்கம், இன்னும் மேலே ஏற்றி ஒரு புள்ளி, அது நியூயார்க். ஒரு ரப்பர் பேண்டை வெட்டி, இரண்டு முனையையும் இரண்டு புள்ளிகளில் பிடித்து, ஸ்கேல் கோடு போன வழியாகவே இழுத்து வையுங்கள். நடுவில் லேசாகத் தட்டிவிட்டால் அது அங்கே நிற்காது, வழுக்கி மேலே ஏறும், வடதுருவப் பக்கமாகப் போய் அமரும். ரப்பருக்குக் குறுக்குவழி தெரியும். இழுத்த ரப்பர் எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளத்தான் பார்க்கும். ரப்பர் வெட்டிப் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லிக்கொடுக்க வேறு உதாரணம் எதற்கு? விமானி போகும் பாதையும் அந்த ரப்பர் பாதைதான். தட்டையான வரைபடத்தில் அது வில் மாதிரி வளைந்து தெரியும். வளைவு காகிதத்தில்தான் இருக்கிறது. உருண்டையைக் காகிதத்தில் விரிக்கும்போது வடக்கே இருக்கும் நாடுகள் இழுபட்டுப் பெருத்துவிடுகின்றன. அதனால்தான் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு.

அந்த ரப்பர் பாதையில் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பும் விமானம் ஒன்று இருந்தால், அது மேற்கே திரும்பாது. மூக்கை வடக்கே வைத்து, கொஞ்சம் மட்டும் மேற்கே சாய்ந்து போகும். கொங்கண் கடலோரத்துக்கு வெளியே கடல் மேலேயே ஏறி, சிந்து, பலுசிஸ்தான், ஆப்கானிஸ்தானின் மேற்குப் பகுதி, துர்க்மெனிஸ்தான், காஸ்பியன் கடலின் வடகோடி, ரஷ்யா, சுவீடன், நார்வே, ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடல், கிரீன்லாந்தின் தென்முனையை ஒட்டி, கனடாவின் லாப்ரடார், பிறகு நியூயார்க். அமெரிக்கா போக ஆப்கானிஸ்தான் வழியா என்று என் கடையில் ஒருவர் எழுந்தே போய்விட்டார், ஏமாற்றுகிறேன் என்று. அவருக்கும் ஒரு பந்து காட்டியிருக்கலாம், அன்றைக்குக் கையில் இல்லை.

இந்த 13,780 கிலோமீட்டரையே சில இடங்களில் 8,560 என்றும் 7,440 என்றும் பார்ப்பீர்கள். முதலாவது மைல், இரண்டாவது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். மூன்றும் ஒரே தூரம்தான்.

இப்போது அந்த 16 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று புரிந்திருக்கும். தூரம் காட்டும் பக்கங்கள் 13,780ஐ மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுக்கின்றன. 15 மணி 19 நிமிடம் வரும். ஏற இறங்க ஒரு அரை மணி சேர்த்து 16 என்று முழுசாக்கிப் போடுகின்றன. காற்று அதில் கிடையாது, வழியில் இறங்குவது கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நியூயார்க்குக்கு நேர் விமானமே கிடையாது. ஆக அந்த 16 மணி நேரம் இல்லாத ஒரு விமானத்தின் நேரம். அதை நம்பி மகளிடம் இறங்கும் நேரம் சொல்லிவிடாதீர்கள்.

நேர் விமானம் ஏன் விடவில்லை? பறக்க முடியாமல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கும் மேல், ஏறத்தாழ 18½ மணி நேரம் நிற்காமல் போகிற விமானமே இருக்கிறது. பெங்களூருவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் 2021 ஜனவரியில் தொடங்கியது. சுமார் 14,000 கிலோமீட்டர். ஆனால் இவ்வளவு தூரம் போகும் விமானம் ஏறும்போது சுமக்கும் எடையில் ஒரு பெரிய பங்கு எரிபொருள்தான். எரிபொருளில் ஒரு பகுதி, மீதி எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவே செலவாகும். அதை ஈடுகட்ட நாள்தோறும் விலை கொடுத்து ஏறுகிற ஆள் கூட்டம் வேண்டும். நம் விமான நிலையத்தின் கூட்டம் கல்ஃப் கூட்டம்.

அந்தக் கல்ஃப் கூட்டம்தான் உங்களுக்கும் உதவுகிறது. துபாயில் இறங்குவது பெரிய சுற்று என்று நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் – துபாய் சுமார் 2,950, துபாய் – நியூயார்க் 11,020. கூட்டினால் 13,970. நேர் தூரத்தைவிட 190 கிலோமீட்டர்தான் கூடுதல். இங்கிருந்து பழனி போகிற தூரம்கூட இல்லை. கல்ஃப் ஊர்கள் எண்ணெயால் மட்டும் பணக்கார ஊர்கள் ஆகவில்லை. உருண்டையில் அவை இருக்கும் இடமே அப்படி, நமக்கும் அமெரிக்காவுக்கும் கிட்டத்தட்ட வழியிலேயே. தோகா வழி என்றாலும் 14,000ஐ ஒட்டித்தான் வரும். மாறாக, மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சிங்கப்பூர் வழி டிக்கெட்டை நீட்டினால், அது 18,400 கிலோமீட்டருக்கும் மேல். 4,600 கிலோமீட்டர் கூடுதல் உட்காருவதற்கு முழங்கால் ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டெல்லி வழியும் காகிதத்தில் அதே தூரம்தான். ஆனால் டெல்லியிலிருந்து மேற்கே போகும் நேர்வழி பாகிஸ்தான் மேலே. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து அமெரிக்கா போகிற நம் விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டி வந்தது. சில, ஐரோப்பாவில் எரிபொருளுக்காக இறங்கின. 2019 பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுவரை இதே கதைதான் நடந்தது. கல்ஃப் வழி மட்டும் எப்போதும் பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளியைச் சில மணி நேரம் மூடினார்கள். தோகாவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எங்கெங்கோ இறங்கினார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் மருமகனை ஒருமுறை நேரம் சரிபார்க்கச் சொல்லுங்கள், போதும்.

இனி உங்களுக்கு உண்மையில் வேண்டிய கணக்கு, வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை.

காலை 4.30 விமானத்துக்கு 1.30க்கு உள்ளே இருக்க வேண்டும். களியக்காவிளையிலிருந்து இரவில் ஒரு மணி நேரம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழி வேண்டாம். காரோடு என்ற ஊரிலிருந்து வரும் பைபாஸைப் பிடித்தால் கோவளம் பக்கமாக வந்து சாக்கையில் நேரே பன்னாட்டு முனையத்திலேயே கொண்டு விடும். வண்டிக்காரரிடம் "ஏர்போர்ட்" என்று மட்டும் சொன்னால் சிலர் சங்குமுகம் பக்கம் கொண்டு போய்விடுவார்கள். அது உள்நாட்டு முனையம். ஓடுபாதையின் அந்தக் கரையில் இருக்கிறது. பெட்டியோடு சுற்றி வர நேரமாகும். சாக்கை என்று சொல்லுங்கள்.

டிசம்பரில் திரும்புவதால் உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி ஆராட்டும் ஐப்பசி ஆராட்டும், அதாவது சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலங்கள், அந்த ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகின்றன. வருஷத்துக்கு இரண்டு நாள், சாயங்காலம் ஐந்து மணி நேரம் போல விமானமே இறங்காது. விமானிகளுக்கெல்லாம் முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும். 3,400 மீட்டர் ஓடுபாதையைக் குறுக்கே யானையும் பல்லக்கும் கடந்து போவதை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்? 1956 வரை நாமும் திருவிதாங்கூர்க்காரர்கள்தானே, எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். ஐப்பசியில் யாராவது உறவுக்காரர்களுக்கு டிக்கெட் போட்டால் ஆராட்டு நாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

துபாயில் ஒன்றரை மணி நேரம் என்பது இளைஞர்களுக்குச் சரி. முதல்முறை போகிறவர்களுக்குக் கொஞ்சம் நெருக்கடி. இருவருக்கும் சக்கர நாற்காலி வேண்டும் என்று மருமகனை இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். காசு கிடையாது, வெட்கமும் வேண்டாம். நடக்க முடிந்தாலும் கேளுங்கள். அந்தப் பையன் உங்களைச் சரியான வாசலில் கொண்டு விடுவான். திருவனந்தபுரத்தில் பெட்டியைக் கொடுக்கும்போது கைப்பிடியில் ஒட்டும் நீளத் தாளில் பெரிய எழுத்தில் ஜே.எஃப்.கே என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது நியூயார்க் விமான நிலையத்தின் குறி. துபாயின் குறியான டி.எக்ஸ்.பி பெரிதாக இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, சீட்டு எல்லாம் கைப்பையில். மாத்திரையை அங்கே வெயில் அடிக்கிறது என்று பார்த்துப் போடாமல், கடைசியாகப் போட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு என்று பார்த்துப் போடுங்கள். இன்சுலின் என்றால் கிளம்புமுன் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் இறங்கியதும் வெளியே வந்துவிட முடியாது. குடியேற்ற வரிசை இருக்கிறது. ஒரு மணி நேரமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். மகளை 2.30க்கே வந்து நிற்கச் சொல்லாதீர்கள், நிறை மாதத்தில் அவள் எதற்கு நிற்க வேண்டும்? மருமகன் நாலு மணிக்கு வந்தால் போதும். அடுத்தமுறை போனால் அபுதாபி வழியையும் யோசிக்கலாம். அங்கே 2014லிருந்து அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை விமானம் ஏறுமுன்பே முடித்துவிடுகிறார்கள். நியூயார்க்கில் இறங்கினால் உள்ளூர்ப் பயணி மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே. ஆனால் அந்தச் சோதனைக்கு அபுதாபியில் மூன்று மணி நேரமாவது இடைவெளி உள்ள டிக்கெட்டாகப் பார்க்க வேண்டும்.

ஆக வீட்டிலிருந்து வீடு வரை, எப்படிப் பார்த்தாலும் 26, 27 மணி நேரம். அதற்குத் தக்கபடி சாப்பாடும் தூக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். 14 மணி நேர விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கடைசி வரை நடந்து வாருங்கள், கால் வீங்காது. அங்கே போய் முதல் நான்கைந்து நாள் நடுராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும், பயப்பட ஒன்றுமில்லை. திரும்பி வந்தபிறகுதான் அதிகம் படுத்தும். மேற்கே போவதைவிடக் கிழக்கே வருவது உடம்புக்குக் கஷ்டம்.

கடைசியாக ஒரு விஷயம். இது என் தப்பு, அதனால்தான் மறக்கவில்லை. 1990களின் கடைசியில், அருமனையிலிருந்து ஒரு பையனுக்கு முதல் கல்ஃப் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். ஞாயிறு அதிகாலை 2.40 விமானம். டிக்கெட்டை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவசரத்தில் "ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டி ஏறிரு" என்று வாயால் சொல்லிவிட்டேன். அவர்கள் என் வாயைத்தான் நம்பினார்கள். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்க் கும்பிட்டு, மதியம் கோழி அடித்துச் சொந்தபந்தமெல்லாம் சாப்பிட்டு, இரவு வேனில் பதினாலு பேர் ஏர்போர்ட் போய் இறங்கினார்கள். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் பையனின் அம்மா என் கடை வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. புது டிக்கெட்டுக்கு நான் பணம் போட்டேன்.

அதனால் அக்கா, தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் எதுவும் எழுதாதீர்கள். அதற்கு முந்தின தாளில், "சனிக்கிழமை ராத்திரி 12 மணிக்கு வண்டி வாசலில்" என்று எழுதுங்கள். வண்டிக்காரரிடமும் ஞாயிறு என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள்.